பூஜ்யம் எங்கே குடியிருக்கிறது? – சர்வோ மோட்டார் என்கோடரின் கதை

சர்வோ மோட்டாரின் பின்மூடியைத் திறந்து சில ஸ்குரூக்களைக் கழற்றினால் என்கோடர் கையில் வந்துவிடும். உள்ளங்கை அளவு சமாச்சாரம். பார்த்தால், "வெறும் சென்சார்தானே, பழசைக் கழட்டி புதுசை மாட்டினா முடிஞ்சுது" என்றுதான் தோணும். சில மோட்டார்களில் அது உண்மையும்கூட, அரை மணி நேர வேலை. வேறு சில மோட்டார்களில் இதே வேலையை இதே மாதிரி செய்தால், கரண்ட் போட்டதும் மோட்டார் உறுமிக்கொண்டு அப்படியே நிற்கும். இல்லையென்றால் கயிறு அறுந்த காளை மாதிரி ஒரே திசையில் ஓடும்.

ஏன் இந்த வித்தியாசம்? மேனுவலைப் புரட்டினால் "இதைச் செய், அதைச் செய்யாதே" என்று மட்டும் போட்டிருக்கும். காரணம் தெரியணும்னா கொஞ்சம் பின்னால், நீராவிக் காலம் வரைக்கும் போகணும். நான் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன், ஸ்பேனர் பிடிக்கிறவன் இல்லை. ஆனால் இந்தக் கதையின் மையத்தில் இருப்பது என் தொழிலுக்கு நன்றாகவே பழக்கமான ஒரு கேள்வி: ஒரு முக்கியமான எண் எங்கே சேமிக்கப்பட்டிருக்கிறது? அதை வைத்திருக்கும் பாகத்தைத் தூக்கி எறிந்தால் அந்த எண் என்ன ஆகும்?

அடிமை மோட்டார்

'சர்வோ' என்ற சொல் லத்தீனில் அடிமையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. பிரான்சைச் சேர்ந்த ஜோசஃப் ஃபார்கோ, கப்பலின் சுக்கானை நீராவியால் திருப்பும் பொறிக்கு 1868 வாக்கில் 'சர்வோ-மோட்டார்' என்று பேர் வைத்தார். 1873-இல் அதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். மாலுமி சக்கரத்தைத் திருப்புவார், நீராவி வால்வு திறக்கும், பிஸ்டன் சுக்கானைத் தள்ளும். சுக்கான் நகர நகர, அதோடு இணைந்த ஒரு இரும்புத் தண்டு அதே வால்வை மெல்ல மூடும். மாலுமி கேட்ட கோணம் வந்ததும் வால்வு முழுசாக மூடிக்கொள்ளும்.

அந்த இரும்புத் தண்டுதான் இன்றைய என்கோடருக்குக் கொள்ளுத்தாத்தா. "நான் இப்போ எங்கே இருக்கேன்" என்று திருப்பிச் சொல்வது அதன் வேலை. அந்தத் தண்டைத் தலைகீழாக மாட்டிவிட்டால் என்ன ஆகும்? சுக்கான் நகர நகர வால்வு மூடுவதற்குப் பதிலாக இன்னும் அதிகமாகத் திறக்கும். சுக்கான் கடைசி முனையில் போய் இடிக்கும் வரை நிற்காது. பின்னூட்டத்தின் திசை மாறினால் அடிமை எஜமானனைக் கவனிக்காமல் ஓடிப்போவான் என்பது முதல் நாளிலிருந்தே உள்ள ஆபத்து. இன்றைக்கும் சர்வோவில் நடக்கும் பெரிய விபத்துகள் பலவற்றுக்கு அடிப்படை இதுதான்.

அப்புறம் அந்தத் தண்டு மின்சாரமாக மாறியது. ஒரு ஷாஃப்ட்டின் கோணத்தை வயர் வழியாகச் சொல்லும் சின்க்ரோ, ரிசால்வர் போன்ற கருவிகள் இரண்டாம் உலகப்போரில் பீரங்கிகளையும் ராடார் ஆண்டெனாக்களையும் திருப்பப் பயன்பட்டன. எம்ஐடியில் ஹேரல்ட் ஹேசன் 1934-இல் சர்வோக்களுக்கு ஒரு கோட்பாடு எழுதினார். அதே எம்ஐடியில் 1940-இல் கார்டன் பிரவுன் சர்வோமெக்கானிசம்ஸ் ஆய்வகத்தைத் தொடங்கினார். ஜான் பார்சன்ஸ் என்ற தொழிலதிபரின் யோசனையிலிருந்து கிளைத்து, துளையிட்ட நாடாவைப் படித்துத் தானே உலோகத்தைச் செதுக்கும் மில்லிங் மெஷினை 1952-இல் அந்த ஆய்வகம் செய்துகாட்டியது. சிஎன்சி என்று நாம் இன்று சொல்வதன் தொடக்கம் அது.

கம்யூட்டேட்டர் இருந்த காலம்

அந்தக் காலத்து மெஷின்கள் பலவற்றில் தசை ஹைட்ராலிக்தான். ஜப்பானில் இனாபா செய்யுஎமோன் தலைமையில் வளர்ந்த ஃபேனுக் நிறுவனமும் எண்ணெய் அழுத்தத்தில் ஓடும் பல்ஸ் மோட்டாரில்தான் பேர் வாங்கியது. 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. அடுத்த ஆண்டே ஃபேனுக், அமெரிக்காவின் கெட்டிஸ் நிறுவனத்திடம் உரிமம் வாங்கி டிசி சர்வோ மோட்டாருக்கு மாறியது. 1970களின் சிஎன்சி மெஷின்கள் பெரும்பாலும் கார்பன் பிரஷ் வைத்த டிசி மோட்டாரில் ஓடின.

கதையின் முக்கியமான இடம் இது, கொஞ்சம் நின்று பார்ப்போம். டிசி மோட்டாரில் சுற்றும் பகுதியில்தான் காயில் இருக்கும். அது சுற்றச் சுற்ற, எந்தக் காயிலுக்கு எந்தத் திசையில் கரண்ட் போகணும் என்பது மாறிக்கொண்டே இருக்க வேண்டும். இதைச் செய்வது கம்யூட்டேட்டர், அதாவது ஷாஃப்ட்டிலேயே பொருத்திய செம்புப் பட்டைகளும் அவற்றின் மேல் உரசும் கார்பன்களும். ரோட்டார் எந்தக் கோணத்தில் இருந்தாலும் சரியான காயிலுக்குத் தானாகக் கரண்ட் போய்விடும். கோணம் என்ற தகவல் செம்பிலேயே வெட்டி வைக்கப்பட்டிருந்தது. யாரும் அதை அளக்க வேண்டியதில்லை, யாரும் அதைத் தொலைக்கவும் முடியாது.

அதனால் அன்றைய என்கோடர் உண்மையிலேயே வெறும் நிருபர். மெஷின் மேசை எங்கே இருக்கு என்று மட்டும் சொல்லும். அதைக் கழற்றி எந்தக் கோணத்தில் மாட்டினாலும் மோட்டார் ஓடும். மெஷினின் ஆதிப்புள்ளியை மட்டும் திரும்ப அமைக்கணும். ஆபத்தே இல்லையா என்றால், இருந்தது. வேகத்தைச் சொல்லும் டேக்கோ ஜெனரேட்டரின் வயர் அறுந்தாலோ, இரண்டு வயர் இடம் மாறினாலோ மோட்டார் முழு வேகத்தில் பிய்த்துக்கொண்டு ஓடும். ஃபார்கோவின் தலைகீழ்த் தண்டு கதையேதான்.

"என்கோடர் வெறும் சென்சார்" என்ற எண்ணம் அந்தத் தலைமுறையில் நியாயமானது. அது அடுத்த தலைமுறை மோட்டாருக்கும் அப்படியே தொடர்ந்ததுதான் சிக்கல்.

செம்பு போய், எண் வந்தது

கார்பன் தேயும், பொறி பறக்கும், தூள் படியும். சூடாகும் காயில் நடுவில் சுற்றிக்கொண்டிருப்பதால் அதைக் குளிர்விப்பதும் கஷ்டம். இதற்குத் தீர்வு, மோட்டாரை உள்வெளியாகத் திருப்பிப் போடுவது: காந்தம் சுற்றட்டும், காயில் வெளியே அசையாமல் இருக்கட்டும். ஆனால் அப்போது கம்யூட்டேட்டர் கிடையாது. எந்தக் காயிலுக்கு எப்போது கரண்ட் என்பதை எலக்ட்ரானிக்ஸ் முடிவு செய்யணும்.

அதற்கான துண்டுகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. 1970களின் தொடக்கத்தில் சீமென்ஸில் ஃபெலிக்ஸ் பிளாஷ்கே, ஏசி மோட்டாரின் கரண்டை, காந்தப்புலத்தை உருவாக்கும் பகுதி, முறுக்குவிசையை உருவாக்கும் பகுதி என்று இரண்டாகப் பிரித்துக் கட்டுப்படுத்தும் கணக்கை முன்வைத்தார். சமேரியம்-கோபால்ட் காந்தம் 1960களிலும், நியோடிமியம் காந்தம் 1980களின் தொடக்கத்திலும் வந்தன. மைக்ரோபிராசசர்களும் பவர் டிரான்சிஸ்டர்களும் மலிவாகின. 1980களில் கார்பன் இல்லாத ஏசி சர்வோ தொழிற்சாலைக்குள் நுழைந்து, டிசி சர்வோவை ஓரங்கட்டியது.

இந்த மாற்றத்தில் கம்யூட்டேட்டரின் வேலை காணாமல் போகவில்லை, இடம்தான் மாறியது. "காந்தத்தின் வடதுருவம் இப்போ இந்தக் கோணத்தில் இருக்கு" என்று என்கோடர் சொல்லும் எண்ணை நம்பித்தான் டிரைவ் மூன்று காயில்களுக்கும் கரண்டைப் பங்கிடுகிறது. செம்பில் வெட்டியிருந்த தகவல் ஒரு எண்ணாகிவிட்டது. காந்தத்தின் பூஜ்யத்துக்கும் என்கோடரின் பூஜ்யத்துக்கும் உள்ள வித்தியாசத்தை கம்யூட்டேஷன் ஆஃப்செட் என்கிறார்கள்.

அந்த ஆஃப்செட் தப்பாக இருந்தால் என்ன ஆகும்? கணக்கு எளிது. கிடைக்கும் முறுக்குவிசை, பிழைக் கோணத்தின் கொசைனைப் பொறுத்தது.

30 டிகிரி பிழை: முறுக்குவிசை சுமார் 87 சதவீதம். மோட்டார் ஓடும், கொஞ்சம் அதிகமாகச் சுடும். யாரும் கவனிக்க மாட்டார்கள்.

60 டிகிரி பிழை: பாதிதான் கிடைக்கும். அதே வேலைக்கு இரண்டு மடங்கு கரண்ட், அதனால் காயிலில் நான்கு மடங்கு சூடு.

90 டிகிரி பிழை: முறுக்குவிசை பூஜ்யம். எவ்வளவு கரண்ட் கொடுத்தாலும் மோட்டார் உறுமும், தாங்காது.

180 டிகிரி பிழை: முழு பலம், ஆனால் எதிர்த்திசையில். டிரைவ் "வலப்பக்கம் போ" என்றால் மோட்டார் இடப்பக்கம் போகும். பிழை கூடுவதைப் பார்த்து டிரைவ் இன்னும் பலமாக "வலப்பக்கம்" என்னும். மோட்டார் இன்னும் வேகமாக இடப்பக்கம் ஓடும்.

இவை எல்லாம் மின் கோணங்கள். நான்கு ஜோடி துருவம் உள்ள மோட்டாரில் ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றினால் மின் கோணம் நான்கு சுற்று சுற்றும். அதனால் ஷாஃப்ட்டில் 22.5 டிகிரி தவறினாலே முறுக்குவிசை பூஜ்யம், 45 டிகிரி தவறினால் தலைகீழ். என்கோடரைக் கண்ணளவில் "முன்னாடி இருந்த மாதிரியே" மாட்டுவது போதாது என்பதற்குக் காரணம் இதுதான்.

90 டிகிரி பிழைதான் எனக்கு மிகவும் பயமூட்டுவது. தெரிந்தவர் ஒருவரின் பட்டறையில் செங்குத்து மில்லிங் மெஷினின் இசட் அச்சு மோட்டாரை பேரிங் மாற்ற வெளியே அனுப்பியிருந்தார்கள். அடையாளம் எதுவும் போடாமல் என்கோடரைக் கழற்றி, திரும்ப மாட்டி அனுப்பிவிட்டார்கள். மெஷினில் பொருத்தி ஆன் செய்ததும் டிரைவ் தயாராகி, "மோட்டார் தாங்கிக்கொள்ளும்" என்ற நம்பிக்கையில் பிரேக்கைத் திறந்தது. மோட்டார் தாங்கவில்லை. ஸ்பிண்டில் தலை மொத்தமாகக் கீழே இறங்கி, வைஸில் இடித்து, அலாரம் வந்து பிரேக் பிடிக்கும்போது டூல் உடைந்திருந்தது. வைஸில் அந்த நேரம் யாரும் ஜாப் மாட்டிக்கொண்டு இருக்கவில்லை. நல்ல வேளை என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் கிடையாது.

இன்னொரு விஷயம். டிரைவ் மோட்டாரைப் பிரேக் போட்டு நிறுத்துவதும் அதே என்கோடர் எண்ணை நம்பித்தான். ஆஃப்செட் தலைகீழானால், "மெதுவாகக் குறைத்து நிறுத்து" என்ற கட்டளையும் தலைகீழாகத்தான் வேலை செய்யும். அந்த நேரத்தில் காப்பாற்றக்கூடியது டிரைவின் பவரை உடனே துண்டிப்பதும் மெக்கானிக்கல் பிரேக்கும்தான்.

பூஜ்யத்தின் நான்கு வீடுகள்

சரி, இந்த ஆஃப்செட் எங்கே இருக்கிறது? என்னைப் பொறுத்தவரை, என்கோடர் மாற்றும் வேலையின் மொத்த ரகசியமும் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. நாற்பது வருடத்தில் அந்தப் பூஜ்யம் குறைந்தது நான்கு வீடு மாறியிருக்கிறது.

முதல் வீடு, பொருத்திய விதம். சாதாரண இன்கிரிமென்ட்டல் என்கோடர், கண்ணாடித் தட்டில் உள்ள கோடுகளை எண்ணும், அவ்வளவுதான். ஆன் செய்த நொடியில் தான் எங்கே இருக்கிறோம் என்று அதற்குத் தெரியாது. காந்த மோட்டாருக்கோ முதல் அசைவுக்கு முன்பே கோணம் தெரிந்தாக வேண்டும். அதனால் யு, வி, டபிள்யூ என்று மூன்று கூடுதல் தடங்களை அதே தட்டில் சேர்த்தார்கள். மோட்டார் எந்த 60 டிகிரி பகுதிக்குள் இருக்கிறது என்று அவை சொல்லும். இந்தத் தடங்களை ரோட்டாரோடு பொருத்துவது ஃபேக்டரியில் ஒரு ஆள் என்கோடரைக் கையால் திருப்பி, சரியான இடத்தில் ஸ்குரூவை இறுக்குவது. பூஜ்யம் அந்த இறுக்கத்தில் மட்டும்தான் இருக்கிறது. ஸ்குரூவைத் தளர்த்தினால் அது போச்சு.

இரண்டாம் வீடு, உலோக வடிவம். எந்த என்கோடரை மாட்டினாலும் ஒரே கோணத்தில்தான் உட்காரும் என்று பற்களையும் பள்ளங்களையும் வெட்டிவிடுவது. ஃபேனுக் மோட்டார்களின் பின்னால் ஓல்டம் கப்ளிங் வழியாக மாட்டும் பல்ஸ்கோடர்கள் இந்த வகை. மெயின்டனன்ஸ்காரர்கள் இதை நேரிலேயே சட்டென்று மாற்றிவிடுவார்கள். செம்பில் இருந்த தகவல் திரும்பவும் இரும்புக்கு வந்த மாதிரி.

மூன்றாம் வீடு, என்கோடருக்குள்ளேயே இருக்கும் நினைவகம். கோணத்தை முழு எண்ணாகச் சொல்லும் அப்சல்யூட் என்கோடர்களின் கதை பெல் ஆய்வகத்தின் ஃபிராங்க் கிரேயைத் தொடுகிறது. சாதாரண பைனரியில் 3-லிருந்து 4-க்குப் போகும்போது 011 என்பது 100 ஆகும். மூன்று பிட்டும் ஒரே நேரத்தில் மாறணும். தட்டின் கோடு ஒரு மயிரிழை தவறினால் நடுவில் வேறு எண் தெரியும். ஒரு நேரத்தில் ஒரு பிட் மட்டும் மாறும் வரிசைக்கு அவர் 1947-இல் விண்ணப்பித்த காப்புரிமை 1953-இல் கிடைத்தது. அந்த வரிசைக்கு இன்று அவர் பேர்தான். 1990களில் ஜெர்மனியின் ஹைடன்ஹைன் என்டாட் என்ற முறையையும், ஸ்டெக்மன் ஹைப்பர்ஃபேஸ் என்ற முறையையும் கொண்டுவந்தன. இவற்றில் கோணத்தோடு, மோட்டாரின் விவரங்களையும் ஆஃப்செட்டையும் என்கோடரின் நினைவகத்திலேயே எழுதி வைக்கலாம். வசதிதான். ஆனால் பழைய என்கோடர் செத்தால் அந்த எண்ணும் அதோடு சாகும். கடையில் வாங்கிய புது என்கோடருக்கு இந்த மோட்டாரைப் பற்றி எதுவும் தெரியாது.

நான்காம் வீடு, டிரைவ். ஆஃப்செட்டை டிரைவின் பாராமீட்டரில் வைப்பது, அல்லது ஆன் ஆகும்போது மோட்டாரைக் கொஞ்சம் ஆட்டிப் பார்த்து டிரைவே கண்டுபிடிப்பது. இங்கே என்கோடரை மாற்றினால் பழைய எண் டிரைவில் பத்திரமாக இருக்கும், ஆனால் புது என்கோடருக்குப் பொருந்தாது. பத்திரமாக இருக்கும் தப்பான எண், தொலைந்த எண்ணைவிட மோசம். மென்பொருள்காரர்களுக்கு இந்த வலி தெரியும்.

இந்த நாலையும் தாண்டி ஐந்தாவதாக ஒரு பூஜ்யம் உண்டு. அதை இவற்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது மெஷினின் ஆதிப்புள்ளி: மேசை எங்கே, டூல் மாற்றும் இடம் எங்கே என்பது. பல அப்சல்யூட் என்கோடர்கள் எத்தனை சுற்று சுற்றியது என்பதை ஒரு பேட்டரியின் தயவில் நினைவில் வைத்திருக்கும். வயரைப் பிடுங்கினால் அது மறந்துபோகும். ஃபேனுக்கில் வரும் 300-ஆம் அலாரமும், 1815-ஆம் பாராமீட்டரில் செய்யும் திருத்தமும் இந்தப் பூஜ்யம் பற்றியவை. கம்யூட்டேஷன் பூஜ்யம் தப்பினால் மோட்டார் பைத்தியமாகும். ஆதிப்புள்ளி தப்பினால் மோட்டார் அழகாக, துல்லியமாக, தப்பான இடத்தில் போய் முட்டும்.

அப்போ எப்படி மாற்றுவது?

வரலாறு தெரிந்தபின் பாதுகாப்பு விதிகள் மனப்பாடமாக இருக்காது, ஒவ்வொன்றுக்கும் காரணம் தெரியும். உங்கள் மோட்டாரின் மேனுவல்தான் கடைசி வார்த்தை. பொதுவான வரிசை இது:

1. பவரைத் துண்டித்து, மெயின் சுவிட்சில் பூட்டுப் போடவும். அமெரிக்காவில் பூட்டும் அட்டையும் 1989-இல் சட்டவிதியே ஆனது. 415 வோல்ட் மூன்று ஃபேஸை டிசி ஆக்கினால் டிரைவுக்குள் 560 முதல் 590 வோல்ட் வரை இருக்கும். சுவிட்சை அணைத்த பிறகும் கெப்பாசிட்டர்களில் அது சில நிமிடங்கள் தங்கும். டிரைவின் மேல் எழுதியிருக்கும் நேரம் காத்திருந்து, அப்புறம் மீட்டரால் அளந்து பார்க்கணும்.

2. எஸ்டிஓ என்ற "முறுக்குவிசை நிறுத்தம்" பவர் துண்டிப்பு கிடையாது. மோட்டார் டெர்மினலில் வோல்டேஜ் இருக்கலாம். இரண்டு டிரான்சிஸ்டர்கள் ஒரே நேரத்தில் பழுதானால் காந்த மோட்டார் மின் கோணத்தில் 180 டிகிரி வரை துள்ளலாம். நான்கு ஜோடி துருவம், 10 மில்லிமீட்டர் பிட்ச் பால் ஸ்குரூ என்றால் அது 1.25 மில்லிமீட்டர். விரல் நசுங்க அது தாராளம்.

3. செங்குத்து அச்சு என்றால் தலையைக் கட்டையோ ஜாக்கியோ வைத்து முட்டுக்கொடுக்கவும். பிரேக்கை நம்ப வேண்டாம். பெரும்பாலும் அது அதே மோட்டாருக்குள்தான் இருக்கிறது. மோட்டாரைக் கழற்றினால் பிரேக்கும் கூடவே வந்துவிடும்.

4. கழற்றும் முன்பே எல்லாவற்றையும் பதிவு செய்யவும். போட்டோ, ஷாஃப்ட்டிலும் உடம்பிலும் அடையாளக் கோடு, பாராமீட்டர் பேக்கப். என்கோடர் உயிரோடு இருந்தால் அதன் நினைவகத்தையும் படித்து வைக்கணும். புது என்கோடரின் மாடல் எண் கடைசி எழுத்து வரை ஒன்றா என்று பார்க்கணும். ஒரே உருவத்தில் வேறு நெறிமுறை பேசும் என்கோடர்கள் நிறைய.

5. சுத்தியல் கூடாது. உள்ளே இருப்பது பெரும்பாலும் கண்ணாடித் தட்டு. கூம்பு ஷாஃப்ட்டில் இறுகியிருந்தால், தயாரிப்பாளர் சொல்லும் கழற்று ஸ்குரூவால் மெதுவாகத் தள்ளி எடுக்கணும். கையில் நிலைமின்சாரம் இல்லாமல் பார்த்துக்கொள்ளவும். மோட்டார் ஷாஃப்ட்டைக் கையால் வேகமாகச் சுற்றினால் அதுவே ஜெனரேட்டர் என்பதையும் மறக்க வேண்டாம்.

6. புதுசைப் பொருத்தி, பூஜ்யம் எந்த வீட்டில் இருக்கிறதோ அங்கே சரிசெய்யவும். கோணத்தைக் கண்டுபிடிக்க இரண்டு வழிகள் வழக்கம். ஒன்று, மோட்டாரைத் தனியாக எடுத்து, பிரேக்கைத் திறந்து, கரண்ட் வரம்பு வைத்த டிசி சப்ளையால் குறிப்பிட்ட ஃபேஸ்களுக்கு ரேட்டிங்கைவிட மிகக் குறைந்த கரண்ட் கொடுப்பது. ரோட்டார் ஒரு துள்ளலோடு தெரிந்த கோணத்தில் போய் நிற்கும். துள்ளும்போது கை அருகில் இருக்கக் கூடாது. இன்னொன்று, ஷாஃப்ட்டை வெளியிலிருந்து சுற்றி, காயிலில் பிறக்கும் வோல்டேஜையும் என்கோடர் சிக்னலையும் ஆசிலாஸ்கோப்பில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்ப்பது. எந்த விளிம்பு எதோடு சேரணும் என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். அது தெரியாமல் ஊகத்தில் திருப்புவதைவிட சர்வீஸ் சென்டருக்கு அனுப்புவது மலிவு.

7. முதல் ஓட்டம் மெஷினில் வேண்டாம், மேசையில் இறுக்கிக் கட்டிய மோட்டாரில். ஷாஃப்ட்டில் இருக்கும் சாவிக்கட்டையை எடுத்துவிடவும், சுற்றும்போது அது தோட்டா மாதிரி பறக்கும். முதலில் டிரைவை எனேபிள் பண்ணாமல், ஷாஃப்ட்டைக் கையால் திருப்பி எண் சரியான திசையில் கூடுகிறதா என்று பார்க்கவும். ஃபார்கோவின் தண்டைச் சரிபார்ப்பது இதுதான். அப்புறம் கரண்ட் வரம்பும் வேக வரம்பும் மிகக் குறைவாக வைத்து, பவரை உடனே துண்டிக்கும் பொத்தானில் கையை வைத்துக்கொண்டு எனேபிள் பண்ணவும்.

8. ஒரே வேகத்தில் இரண்டு திசையிலும் ஓட்டி, கரண்ட் ஏறத்தாழ சமமா, சும்மா ஓடும்போது வழக்கத்தைவிட அதிகமா என்று பார்க்கவும். 30 டிகிரி பிழை ஒளிந்துகொள்ளும் இடம் இதுதான். மோட்டார் ஓடிவிட்டது என்பதால் வேலை முடிந்ததாக அர்த்தம் இல்லை. ஆறு மாதம் கழித்து வைண்டிங் கருகும்போது யாருக்கும் என்கோடர் ஞாபகம் வராது.

9. கடைசியாக மெஷினில் பொருத்தி, ஆதிப்புள்ளியையும் பயண வரம்புகளையும் திரும்ப அமைத்து, மிகக் குறைந்த வேகத்தில் ஒவ்வொரு அச்சாக நகர்த்திப் பார்க்கவும். அந்த நேரத்தில் வைஸில் ஜாப்பும் வேண்டாம், மெஷினுக்குள் தலையும் வேண்டாம்.

கண்ணுக்குத் தெரியாத பாகம்

கம்யூட்டேட்டர் தேய்ந்தால் கண்ணால் பார்க்கலாம், கருப்பாகும், பள்ளம் விழும். என்கோடர் சுமக்கும் கோணத்துக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தேய்மானம் இல்லாத மோட்டாரை வாங்கும்போது, கண்ணுக்குத் தெரியாத ஒரு பாகத்தையும் சேர்த்தே வாங்குகிறோம். அந்தப் பாகம் ஸ்டோரில் கிடைக்காது, ஸ்பேர் லிஸ்டில் இருக்காது, ஆனால் அது இல்லாமல் மோட்டார் ஓடாது.

அதனால் என் ஆலோசனை செலவில்லாதது. மெஷின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நாளில், ஒவ்வொரு அச்சு மோட்டாருக்கும் அதன் பூஜ்யம் எந்த வீட்டில் இருக்கிறது என்று மேனுவலில் தேடிக் கண்டுபிடியுங்கள். ஆஃப்செட் எண் படிக்கக் கிடைத்தால் படித்து, என்கோடரின் முழு மாடல் எண்ணோடு ஒரு தாளில் எழுதி, எலக்ட்ரிக்கல் பேனல் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். கூடவே ஒரு நகல் ஆபீஸ் ஃபைலிலும் இருக்கட்டும். என்கோடர் செத்த பிறகு அந்த எண்ணை அதனிடம் கேட்க முடியாது.

கிரே கோடைப் பற்றி இங்கே நாலு வரியில் ஓட்டிவிட்டேன். தந்திக் காலத்திலேயே பிரான்சில் எமில் போடோ கிட்டத்தட்ட இதே வரிசையைப் பயன்படுத்தியிருக்கிறார். அந்தக் கதை இன்னொரு பதிவில்.